இருண்ட வீட்டுக்கு ஒரு விளக்கு



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நினைவிற்கு வருவன யாவை? மன்னர்கள், போர்கள், உடன்படிக்கைகள், மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய ஆண்டுகளின் நீண்ட பட்டியல், இவைதாமே? முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று நானும் இவற்றையே கற்பித்தேன். ஆனால், ஒரு வீட்டில் பொழுது சாய்ந்த பின்னர் எந்த விளக்கு எரிந்தது, அதற்கு எண்ணெய் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, அவ்விளக்கின் அருகே அமரும் உரிமை யாருக்குக் கிடைத்தது என்பனவும் வரலாற்று வினாக்களே. இதனை நான் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். எனக்கு அதை உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் வீட்டுப் பாடத்தை நாள்தோறும் எழுதாமலே வருவான். காரணம் கேட்டால் தலையைக் குனிந்து கொள்வான். இளமை மிடுக்கில் இருந்த நான் அவனை ஒரு வாரம் வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். அதன் பின்னர் ஒரு நாள் மாலை அவனுடைய வீட்டிற்கே சென்றேன். தெருவில் மின்கம்பம் இருந்தது; வீட்டிற்குள் மின்சாரம் இல்லை. ஒரே ஒரு சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனருகே அவனுடைய தாயார் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "இருக்கிறது ஒரு விளக்குத்தான் ஐயா. இந்தப் பீடியை முடித்தால்தான் நாளைக்கு அரிசி. இவன் பாவம், படிக்கிறேன் என்று உட்காருவான், அதற்குள் எண்ணெய் தீர்ந்து போகும்" என்றார். மகனோ கதவருகே, இருட்டில், ஒன்றும் பேசாமல் நின்றான். நான் தண்டித்தது சோம்பலை அன்று. வறுமையைத் தண்டித்திருக்கிறேன் என்று அன்றிரவு உணர்ந்தேன். அவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

அந்த ஒற்றை விளக்கு என் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. பின்னாளில், ஏழையின் வீட்டில் விளக்கேற்றுவதையே தன் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தைப் பற்றி அறிய நேர்ந்தபோது, அதன் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் தோன்றிய 'கிராமீன் சக்தி' என்பதே அந்நிறுவனம். 'கிராமீன்' என்றால் கிராமத்தைச் சார்ந்தது. 'சக்தி' என்ற சொல்லுக்கு நமக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. அதன் உயர்வையும் தாழ்வையும் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

முதலில் அந்நாட்டின் இயல்பை மனக்கண்முன் கொண்டு வருவோம். கங்கை, பிரமபுத்திரை, மேகனா ஆகிய மூன்று பேராறுகள் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த சமவெளி அது. கிளையாறுகளும் கால்வாய்களும் நாடெங்கும் பின்னிக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் நிலத்தின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். ஆற்றின் நடுவே 'சர்' எனப்படும் மணல் திட்டுகள் தோன்றும். மக்கள் அவற்றில் குடியேறிப் பயிர் செய்வர். சில ஆண்டுகளில் ஆறே அத்திட்டை அரித்துக்கொண்டு போய்விடும். இத்தகைய நிலத்தில் கம்பம் நட்டு மின்கம்பி இழுப்பது எளிய செயலா?

1971-இல் அந்நாடு விடுதலை பெற்றது. கிராமங்களுக்கு மின்சாரம் வழங்குவதற்கென 1977-இல் ஒரு வாரியம் அமைக்கப்பட்டு, ஊர்ப்புற மின்கூட்டுறவுச் சங்கங்கள் நிறுவப்பட்டன. பணி நல்ல முறையிலேயே நடந்தது. ஆயினும் மக்கள் தொகை பெரிது. பொருள் வளம் சிறிது. 2000-ஆம் ஆண்டிலும் அந்நாட்டு மக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே மின்சார வசதி பெற்றிருந்தனர். ஏனையோர் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. தகரக் குப்பியில் திரியிட்ட விளக்கை அவர்கள் 'கூபி' என்பர். புகை மிகுதி, ஒளி குறைவு. குழந்தை கை தட்டிவிட்டால் குடிசையே தீப்பற்றும். அந்த மங்கிய ஒளிக்கும் அவர்கள் மாதந்தோறும் காசு கொடுத்தே வந்தார்கள். இதனை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழைக்கு வெளிச்சம் எக்காலத்திலும் இலவசமாகக் கிடைத்ததில்லை.

இனி 1976-ஆம் ஆண்டிற்கு வருவோம். சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தார் முகம்மது யூனூஸ் என்ற பேராசிரியர். 1974-ஆம் ஆண்டுப் பஞ்சம் அவரது மனத்தைப் பெரிதும் வருத்தியிருந்தது. பல்கலைக்கழகத்தை அடுத்த ஜோப்ரா என்ற சிற்றூரில், மூங்கில் முக்காலி செய்வோர் முதலிய எளிய உழைப்பாளிகள் கடன்காரர் கையில் சிக்கியிருப்பதைக் கண்டார். 42 பேருடைய கடனைக் கணக்கிட்டார். அனைத்தும் சேர்ந்து 27 அமெரிக்க டாலர் அளவே இருந்தது! அத்தொகையைத் தம் கைப்பணத்திலிருந்து அவர் கொடுத்தார். அங்கே முளைத்த விதைதான் 1983-இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. ஜாமீன் கேளாமல் சிறு தொகையைக் கடனாகத் தருவது, சிறுசிறு தவணைகளாகத் திரும்பப் பெறுவது, பெரும்பாலும் பெண்களுக்கே தருவது என்பன அவ்வங்கியின் முறைகள். 2006-இல் யூனூசுக்கும் அவ்வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இஃது ஒரு கிளைக்கதை. மற்றொரு கிளைக்கதை அறிவியலைச் சார்ந்தது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் எண்ணம் புதியதன்று. 1839-இல், எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர், ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் விந்தையைத் தம் சோதனையில் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. கல்லூரி மாணவர்களே, உங்கள் வயதுதான்! ஆனால் அவ்விந்தை பயனுள்ள கருவியாக மாற 115 ஆண்டுகள் ஆயின. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கனைக் கொண்டு, தன்மேல் விழும் ஒளியாற்றலில் நூற்றுக்கு ஆறு பங்கினை மின்சாரமாக மாற்றும் மின்கலத்தைச் செய்து காட்டினர். நான்கே ஆண்டுகளில், 1958-இல், வான்கார்டு என்ற செயற்கைத் துணைக்கோளில் ஏறி அது விண்ணிற்குச் சென்றது. விலை மிக மிக அதிகம். ஆகவே விண்வெளிக்கு மட்டுமே அது கட்டுபடியாயிற்று. விண்ணிற்குச் சென்ற விளக்கு மண் குடிசைக்கு வர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டு கிளைகளும் ஒன்று சேர்ந்த இடமே கிராமீன் சக்தி.

1996-இல் இலாப நோக்கற்ற நிறுவனமாக அது தொடங்கப்பெற்றது. யூனூசின் மாணவராக இருந்து, கிராமீன் வங்கிப் பணியில் தொடக்கந்தொட்டே ஈடுபட்ட தீபல் சந்திர பருவா அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றார். எடுக்க எடுக்கக் குறையாத கதிரவனின் ஆற்றலை எளிய மக்கள் வீட்டிற்குக் கொண்டு சேர்ப்பதே குறிக்கோள்.

அவர்கள் வீடுகளில் அமைத்த கருவி எத்தகையது? கூரைமேல் ஒரு தகடு. அதன்மேல் வெயில் படும்போது மின்சாரம் பிறக்கும். வீட்டினுள் ஒரு பாட்டரி. பகலில் பிறந்ததை இரவுக்குச் சேர்த்து வைக்கும். இரண்டிற்கும் இடையே ஒரு சிறு பெட்டி. பாட்டரி அளவுக்கு மேல் நிரம்பாமலும் அடியோடு வற்றாமலும் அது காவல் புரியும். அதன்பின் சில விளக்குகள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தகடு 50 வாட்டு. நல்ல வெயில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எனக் கொண்டால் 200 வாட்டு-மணி கிடைக்கும். ஏழு வாட்டுக் குழல் விளக்கு நான்கினை நான்கு மணி நேரம் எரிக்க 112 வாட்டு-மணி போதும். எஞ்சியதில் ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டியைச் சிறிது நேரம் பார்க்கலாம், வானொலியும் கேட்கலாம்! கம்பம் இல்லை, கம்பி இல்லை. ஆறு குறுக்கிட்டாலும் கவலையில்லை. திட்டு கரைந்தால் தகட்டையும் படகில் ஏற்றிக்கொண்டு வேறிடம் செல்லலாம்.

கருவி நன்று. ஆனால் விலை? அந்த அளவுடைய ஓர் அமைப்பின் விலை ஏறக்குறைய 400 அமெரிக்க டாலர். உழவர் ஒருவர் ஒரே தவணையில் கொடுக்கக்கூடிய தொகையா அது? இங்கேதான் ஜோப்ராவில் கற்ற பாடம் கைகொடுத்தது. நூற்றுக்கு 15 பங்கு முன்பணம். எஞ்சியது 36 மாதத் தவணை. அதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் சேவைக் கட்டணம். முன்பணம் 60 டாலர் போக 340 டாலரை 36-ஆல் வகுத்துப் பாருங்கள். கட்டணம் நீங்கலாக, மாதத்திற்கு ஒன்பதரை டாலருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் சிறுதொகையன்று. எனினும், மண்ணெண்ணெய்க்கும், பாட்டரியைச் சந்தைக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வருவதற்கும் ஏற்கெனவே செலவிட்டுவந்த குடும்பங்கள் பல, சற்றே முயன்றால் எட்டக்கூடிய தொகையாக அஃது ஆயிற்று. மூன்றாண்டுகள் சென்றபின் விளக்கு அவர்களுடைய சொந்த உடைமை. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு புகையோடு போகும். தவணைக் காசு பொருளாக வீட்டில் நிற்கும்.

அந்நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகள் கடினமானவை. "வெயிலைப் பிடித்து விளக்கெரிப்பதா?" என்று கேட்டு நகைத்தவர் பலர். இளம் பொறியாளர்கள் சைக்கிளிலும் படகிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றனர். சந்தையில் தகட்டை வைத்து விளக்கேற்றிக் காட்டினர். பட்டணத்தில் வேலை தேடக்கூடிய படித்த இளைஞர்கள் சிற்றூரில் வாடகை அறையில் தங்கி, பகலில் விளக்கமைத்து, மாலையில் தவணை வசூலித்து, பழுது வந்தால் இரவிலும் எழுந்து சென்றனர். அறிவியற் கருவிகளை ஏழைக்கு வழங்கும் திட்டங்கள் பல, வழங்கிய மறுநாளே மறக்கப்படுகின்றன. ஒரு திருகாணி கழன்றாலும் கருவி மூலையில் கிடக்கும். கோழி அதன்மேல் அடை காக்கும். கிராமீன் சக்தியோ தவணை வாங்க மாதந்தோறும் அதே வாசலுக்குச் செல்ல வேண்டியிருந்தது. விளக்கு எரியவில்லை என்றால் தவணை வாராது. ஆகவே பழுது பார்ப்பது கருணையாக இல்லாமல் கடமையாயிற்று.

மற்றொரு நற்செயலையும் சொல்ல வேண்டும். கிராமத் தொழில்நுட்ப நிலையங்களை நிறுவி, ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் பயிற்சியளித்தனர். பற்றவைப்புக் கோலைக் கையில் பிடித்து, பாட்டரியைக் காக்கும் அந்தச் சிறு பெட்டியின் உறுப்புகளை இணைக்கவும், பழுது நீக்கவும் அப்பெண்கள் கற்றுக்கொண்டனர். ஆடவர் வெளியே சென்றிருக்கும் பகல் வேளையில் அயலூர் இளைஞன் ஒருவன் வீட்டினுள் வந்து கருவியைத் தொடுவதைவிட, அதே ஊர்ப் பெண் வந்து சீர்செய்வது எத்துணை எளிது! கற்ற கைக்கு ஊதியமும் கிடைத்தது.

முழுத்தொகையைத் தவணையிலும் கொடுக்க இயலாதவர்களுக்கு மற்றொரு வழி கண்டனர். சந்தையில் கடை வைத்திருப்பவர் ஒருவர் தகட்டை வாங்குவார். பக்கத்துக் கடைகளுக்கு ஒவ்வொரு விளக்கு இழுத்துக் கொடுப்பார். அவர்கள் நாள்தோறும் தரும் சில்லறைக் காசில் அவருடைய தவணை அடையும். அந்தி சாய்ந்ததும் அடைத்த கடைகள் இரவு ஒன்பது மணிவரை திறந்திருந்தன.

பெருவளர்ச்சி வந்தது 2003-க்குப் பின்னர். இட்கால் என்ற அரசுடைமை நிதி நிறுவனம், உலக வங்கி முதலியவற்றின் உதவியோடு அவ்வாண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிராமீன் சக்தி போன்ற நிறுவனங்கள் வீட்டில் விளக்கமைத்துக் கடன் தரும். அக்கடனின் ஒரு பகுதியை இட்கால் குறைந்த வட்டியில் அவற்றிற்குத் திரும்ப வழங்கும். கருவிகளின் தரத்தையும் வரையறுக்கும். 2008-க்குள் 50,000 வீடுகள் என்பது குறி. அக்குறியை 2005-லேயே எட்டிவிட்டனர்! 2006-இல் கிராமீன் சக்திக்கு ஆஷ்டன் விருதும், 2007-இல் மாற்று நோபல் எனப் புகழப்பெறும் நல்வாழ்வு விருதும் கிடைத்தன. 2012 முடிவில் அந்நிறுவனம் மட்டும் அமைத்த வீட்டு விளக்கமைப்புகள் பத்து இலட்சத்தை எட்டின. நாடு முழுவதும் இத்திட்டத்தின் வழியே 2018 வரை அமைக்கப்பெற்றவை ஏறத்தாழ 41 இலட்சம். இரண்டு கோடி மக்கள் அவற்றால் வெளிச்சம் பெற்றனர். வீட்டு அளவிலான கதிரொளி மின்சாரத்தில் உலகில் எந்நாட்டிலும் இதனைவிடப் பெரிய திட்டம் அதுவரை நடந்ததில்லை. மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது. பிள்ளைகள் மாலையில் கூடுதலாகப் படித்தனர்.

நண்பர்களே, இத்துடன் நிறுத்தினால் இது புகழுரையாகும்; வரலாறாகாது. வரலாற்று மாணவன் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் வினா. நகரத்து மாளிகைக்கு அரசு மானியத்தோடு கம்பிவழி மின்சாரம் வருகிறது. சிற்றூர் உழவர் மட்டும் தம் நான்கு விளக்குகளுக்கான விலையில் பெரும்பகுதியைக் கடன்பட்டுத் தாமே செலுத்துகிறார். இது நீதியா? தவணை முறை எவ்வளவு நயமாக இருப்பினும் கடன் கடன்தானே? இவ்வினாவைப் பலர் எழுப்பினர். அதில் உண்மை உண்டு.

இரண்டாவது. மாதம் ஒன்பது, பத்து டாலர் தரக்கூடியவர் யார்? கடைக்காரர், ஆசிரியர், சிறிது நிலமுடையவர், வெளிநாட்டில் உழைக்கும் மகனைப் பெற்றவர். கூலிக்காரரின் குடிசைக்கு அந்த 50 வாட்டுத் தகடு எளிதில் வரவில்லை. பின்னர்த் தகட்டின் விலை வீழ்ந்தது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகள் வந்தன, 10 வாட்டு, 20 வாட்டு அமைப்புகளும் போதுமானவையாயின. அதன் பிறகே விளக்கு இன்னும் ஏழைகளின் வாசலை எட்டியது. எனினும் அடித்தட்டில் உள்ளவரே கடைசியில் பெற்றார் என்பதை மறைக்க இயலாது.

மூன்றாவது, பாட்டரி. அதனுள் இருப்பது ஈயமும் அமிலமும். அதன் ஆயுள் சில ஆண்டுகளே. பழைய பாட்டரியை முறையாகத் திரும்பப் பெற்று உருக்காவிடில் ஈயம் மண்ணிலும் நீரிலும் கலந்து குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆதலால் பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கதிரொளி தூயது, அதைச் சேமிக்கும் கலமும் அவ்வாறே தூயதாகும் என்று எண்ணிவிடலாகாது.

இனித் தாழ்வின் கதை. 2013-ஆம் ஆண்டில் ஒரே ஆண்டில் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கமைத்த அத்திட்டம், அடுத்த சில ஆண்டுகளிலேயே சரியத் தொடங்கியது. காரணங்கள் யாவை? அரசு மின்கம்பிகளை எதிர்பார்த்ததைவிட விரைவாக நீட்டியது. சந்தையில் தரமற்ற தகடுகள் மலிவாக விற்றன. நிவாரணத் திட்டங்களின் வழியே அரசே இலவசமாகத் தகடுகளை வழங்கத் தொடங்கியது. அண்டை வீட்டுக்காரருக்கு இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு நான் மட்டும் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டனர். அவர்களைக் குறை கூற முடியுமா? வாசலுக்கு வந்து கேட்ட தவணைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். தவணையை நம்பி வாழ்ந்த நிறுவனங்கள் தள்ளாடின. கிளை அலுவலகங்கள் மூடப்பட்டன. ஊழியர் பலர் வேலையிழந்தனர். மிகப் பெரியதாக வளர்ந்த கிராமீன் சக்திக்கு விழுந்த அடியும் பெரிதாகவே இருந்தது.

2022 மார்ச்சு 21-ஆம் நாள், நாட்டு மக்கள் அனைவருக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டதாக வங்காள தேச அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பு எந்த இடத்தில் வெளியிடப்பட்டது தெரியுமா? பாயராவில், 1320 மெகாவாட்டு நிலக்கரி மின்நிலையத்தின் திறப்பு விழாவில்! கதிரவனிடம் தொடங்கிய பயணம் கரியிடம் வந்து நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், நாட்டின் மின்தொடர் செயலிழந்து, பெரும்பகுதி பல மணி நேரம் இருளில் மூழ்கியது. அன்றிரவு, கூரையில் தகடும் கீழே நல்ல பாட்டரியும் உள்ள வீட்டுக்கு மட்டும் அவ்விருள் ஒரு பொருட்டாக இருந்திராது.

ஆயின், கிராமீன் சக்தியின் பணி வெற்றியா, தோல்வியா? தேர்வுத்தாளில் இவ்வினாவைக் கேட்டால் மாணவர்கள் இரண்டில் ஒன்றை எழுதி அடிக்கோடிட்டு விடுவார்கள். நான் சற்றுத் தயங்கியே விடையளிப்பேன்.

நிறுவனத்தின் ஏடுகளை மட்டும் புரட்டினால் அதில் இழப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கம்பி வந்ததும் தகடு தேவையற்றதாயிற்று, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றொரு கணக்கு உண்டு. 2003-இல் ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்த ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய ஊருக்குக் கம்பி 2018-இல் வந்தது எனக் கொள்வோம். அப்போது அவளுக்கு வயது 21. கம்பி வரட்டும் என்று காத்திருந்தால் அவளுடைய படிப்புக் காலம் முழுவதும் கூபியின் புகையிலேயே கழிந்திருக்கும். அரசுகளுக்குப் பதினைந்து ஆண்டுகள் என்பது மூன்று ஐந்தாண்டுத் திட்டங்கள். குழந்தைக்கோ அது குழந்தைப் பருவம் முழுவதும். போன பருவத்தை எந்த மின்நிலையமும் திருப்பித் தர முடியாது. அந்த இடைக்காலத்தில் எரிந்த விளக்கே கிராமீன் சக்தியின் சாதனை. ஆறு கடந்தபின் ஓடம் தேவையில்லாமல் போகலாம். அதனால் ஓடத்தில் ஏறியது வீண் என்று யாரேனும் சொல்வரோ?

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தகட்டைப் பற்றியது மட்டும் அன்று. ஏழையின் வீட்டில் ஏற்கெனவே என்ன செலவாகிறது என்று முதலில் கேட்டார்கள். அவருடைய வருமானத்தின் போக்கிற்கு ஏற்ப விலையைப் பிரித்தார்கள். கொடுத்த பொருளைப் பேண மாதந்தோறும் திரும்பி வந்தார்கள். பழுது நீக்கும் வித்தையை அந்த ஊர்ப் பெண்ணின் கையிலேயே ஒப்படைத்தார்கள். இந்த நான்கில் எதுவும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. வீட்டு வாசலில் நின்று கண்டது.

நானும் அன்று வகுப்பறைக்கு வெளியே ஒரு சிறுவனை நிறுத்துவதற்கு முன் அவனுடைய வீட்டு வாசலுக்குச் சென்றிருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்துச் சென்றேன். சென்றபின் பள்ளி முடிந்ததும் மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தேன். அவனைப் போன்ற பிள்ளைகள் சிலர் வந்து வீட்டுப் பாடத்தை அங்கேயே எழுதி முடித்தனர். அவனும் சில மாதங்கள் வந்தான். பின்னர் குடும்பத் தேவை அவனை வேலைக்கு அழைத்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரத்தை முன்பே தொடங்கியிருந்தால் அவன் தொடர்ந்து படித்திருப்பானா? எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காமலே தீர்ப்பளித்தவன் நான் என்பது மட்டும் தெரியும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஆட்சிப் பணிக்குச் செல்வீர்கள். சிலர் என்னைப் போல் ஆசிரியராவீர்கள். புதிய கருவிகள் உங்கள் காலத்தில் எத்தனையோ வரும். அவற்றின் திறனை அளக்க வாட்டு உண்டு, வோல்ட்டு உண்டு. அவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் கடைசி வீட்டிற்கு இது எந்த ஆண்டில் போய்ச் சேரும், அதுவரை அந்த வீட்டுப் பிள்ளை எதன் வெளிச்சத்தில் படிக்கும்? இதற்கு விடை தேடத் தொடங்குவீர்களானால், இந்தச் சிறிது நேரம் நான் பேசியது வீண் போகாது.